சுமைச் சோதனை வளர்ந்த வரலாறு

ஒரு பொருளின் வலிமை அது வாளா கிடக்கும்போது புலப்படுவதில்லை. அதன்மீது சுமை ஏறியபோதே புலப்படுகின்றது. மயிற்பீலியாயினும் அளவிறந்து ஏற்றப்படின் வண்டியின் அச்சு முறியும் என்பதனைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திற் சுட்டினார். தற்காலக் கணினி மென்பொருளுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. இணையத்தளம் ஒன்றை ஒருவர் திறப்பது ஒரு பீலியை ஏற்றுவது போன்ற சிறு செயலேயாகும். அச்சிறு செயலைப் பல இலட்சம் மக்கள் ஒரே நிமிடத்தில் மேற்கொள்ளும்போது, பலகோடி செலவில் அமைக்கப்பட்ட அமைப்பும் அச்சு முறிந்த வண்டியாய் நின்றுவிடுகின்றது. அம்முறிவு நேர்வதற்கு முன்பே அதன் எல்லையை அறிந்துகொள்ளும் பொருட்டுத் தோன்றிய கலையே சுமைச் சோதனை என்பது. அக்கலை தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அது இன்று எதிர்நோக்கும் ஒரு வினாவையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தேற்றாத்தீவு என்னும் ஊர் உளது. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அணைந்து கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்தது அவ்வூர். வாவிக்குக் கிழக்கிலுள்ள இக்கரை எழுவான்கரை எனவும், மேற்கிலுள்ள அக்கரை படுவான்கரை எனவும் வழங்கும். இருகரை மக்களும் வாவியைக் கடப்பதற்குப் படகுப்பாதைகளையே நெடுங்காலம் நம்பியிருந்தனர். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குச் செல்லும் துறை அவற்றுள் ஒன்று. சாதாரண நாளில் அத்துறையில் நிற்பவர் அடுத்த படகிலேயே இடம் பெறுவர். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆவணித் திருவிழாக் காலத்திலோ நிலைமை வேறாகின்றது. படகு அதுவே, வாவியின் அகலமும் அதுவே, படகோட்டியின் திறமையும் குறைந்ததன்று. வருவோரின் தொகையும், அவர்கள் வந்துசேரும் முறையும் மாறியமையே வேறுபாட்டிற்குக் காரணம். சுமைச் சோதனையின் முழுத் தத்துவமும் இவ்வெளிய காட்சியில் அடங்கியுளது. ஓர் அமைப்பினைப் பற்றி 'இது இயங்குமா?' என்று வினவுதல் ஒன்று. 'திருவிழா நாளில் இது இயங்குமா?' என்று வினவுதல் மற்றொன்று. மனித சமுதாயம் இவ்விரண்டாம் வினாவை வினவக் கற்றுக்கொண்டது பல இழப்புகளுக்குப் பின்னரேயாம்.

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே சுமைச் சோதனை பாலங்களில் நிகழ்ந்தது. இருப்புப்பாதைகள் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், புதிய பாலமொன்றன்மீது பாரமான புகைவண்டி எஞ்சின்களை ஓட்டிப் பார்த்த பின்னரே அதனைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறத்தல் இங்கிலாந்தில் வழக்கமாயிருந்தது. ஸ்கொத்லாந்தில் தேய் ஆற்றின் முகத்துவாரத்துக்குக் குறுக்கே தோமஸ் பௌச் என்னும் பொறியியலாளர் அமைத்த பாலமும் 1878ஆம் ஆண்டு பெப்ரவரியில் இவ்வாறே சோதிக்கப்பட்டது. பல எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்து அதன்மீது ஓட்டினர். பாலம் அச்சுமையைத் தாங்கிற்று. அரசாங்கத்தின் சார்பிற் சோதனை நடத்திய அதிகாரி, பெருங்காற்று வீசும்போது வண்டி செல்லுதலையும் காணவேண்டும் என்னும் விருப்பத்தைத் தமது அறிக்கையிற் குறித்திருந்தார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் பாலம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளிரவு வீசிய புயலில், வண்டியொன்று கடந்துகொண்டிருந்தபொழுது, பாலத்தின் நடுப்பகுதி வண்டியுடன் ஆற்றில் வீழ்ந்தது. வண்டியிலிருந்த எவரும் உயிர்தப்பவில்லை. காற்றின் அழுத்தத்துக்குப் போதிய இடம் பாலத்தின் அமைப்பில் வகுக்கப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளியாயிற்று.

சோதனை நடத்தப்படாமையால் தேய்ப்பாலம் வீழ்ந்ததன்று. சோதனை நடந்தது, அளவுகளும் எடுக்கப்பட்டன. ஆயினும், சோதிக்கப்பட்ட சுமை ஒன்றாகவும் வந்து தாக்கிய சுமை வேறாகவும் இருந்தன. சோதனையின் வெற்றி அளக்கும் கருவியில் மட்டும் தங்கியதன்று, வரவிருக்கும் சுமையை முன்கூட்டிக் கருதிப் பார்க்கும் அறிவிலே தங்கியது என்பது இதனாற் பெறப்படும். எதிர்பாராத சுமை எப்பொழுதும் புயல்வடிவில் வருவதுமில்லை. காலப்போக்கில் மெல்ல வளர்ந்து வருவதும் உண்டு. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கல்லடிப் பாலம், தேற்றாத்தீவு முதலிய தென்பகுதி ஊர்களை மட்டக்களப்பு நகருடன் இணைத்தது. ஒருவழிப் போக்குவரத்துக்கே இடந்தந்த அப்பாலத்தின் இருமுனைகளிலும், வாகனங்கள் பெருகிய பிற்காலத்தில், வரிசைகள் நீண்டன. பாலம் முறியவில்லை, ஆனால் அதனைக் கடக்கும் நேரம் வளர்ந்தது. அதனருகே 2013ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்பட்டமைக்கு இந்நெருக்கடியும் ஒரு காரணமாகும். முறிதல் ஒருவகைத் தோல்வியாயின், காத்திருக்கச் செய்தல் மற்றொருவகைத் தோல்வியாம். மென்பொருளின் வரலாற்றில் இவ்விரண்டாம் வகையே மிகுதியாகக் காணப்படுகின்றது.

காத்திருத்தலைக் கணிதத்தின் எல்லைக்குட் கொணர்ந்தவர் டென்மார்க் நாட்டினரான அக்னர் கிராருப் ஏர்லாங் என்பவர். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கும்பனியிற் பணியாற்றிய அவர், ஓர் இணைப்பகத்துக்கு எத்தனை கம்பிகள் வேண்டும் என்னும் நடைமுறை வினாவுக்கு விடை தேடினார். கம்பிகள் குறைவாயின் அழைப்போர் இணைப்புப் பெறாது ஏமாறுவர். மிகையாயிற் பணம் வீணாகும். 1909ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அழைப்புகள் ஒன்றையொன்று சாராது எழுமாயின் அவற்றின் வருகை நிகழ்தகவு விதியொன்றுக்கு அமையும் என்பதை அவர் காட்டினார். 1917ஆம் ஆண்டு, குறிப்பிட்ட தொகைக் கம்பிகளுக்கு எத்தனை விழுக்காடு அழைப்புகள் இடமின்றித் திருப்பப்படும் என்பதைக் கணிக்கும் சூத்திரத்தை அளித்தார். ஒரு கம்பி ஒருமணிநேரம் முழுவதும் பேச்சில் ஈடுபட்டிருக்கும் அளவு இன்று அவர் பெயராலேயே ஓர் ஏர்லாங் எனப்படுகின்றது.

ஏர்லாங்கின் சூத்திரம் வெளிப்படுத்தும் உண்மையொன்று தனியே நோக்கற்பாலது. கம்பி ஒன்றுக்கு ஓர் ஏர்லாங் என்னும் விகிதத்திற் சுமையிருப்பதாகக் கொள்வோம். ஒரேயொரு கம்பியுடைய இணைப்பகத்தில் அழைப்புகளுட் பாதி இழக்கப்படும். பத்துக் கம்பிகளும் பத்து ஏர்லாங் சுமையும் உள்ள இடத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 அழைப்புகள் இழக்கப்படும். நூறு கம்பிகளும் நூறு ஏர்லாங் சுமையும் உள்ள இடத்திலோ இழப்பு நூற்றுக்கு எட்டினும் குறைவு. தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டாலும் சிற்றூர் பேரூரினும் மிகுதியாக இடர்ப்படும் என்பது இதன் பொருள். பெரிய கூட்டத்தில் ஒருவர் பேசி முடிக்க மற்றொருவர் தொடங்குவதற்கு வாய்ப்புகள் பல. சிறிய இடத்தில் அவ்வாய்ப்புகள் சில. சமமான பங்கு சமமான பயனைத் தராது என்னும் இம்முடிபு, பின்வரும் ஆராய்ச்சிக்கும் வேண்டப்படுவது.

ஏர்லாங்குக்குப் பின்வந்தோர் வரிசைகளின் கணிதத்தை விரித்தனர். ஒரு சாளரத்தில் ஒருவரைக் கவனிக்கச் சராசரி ஒரு நிமிடம் செல்வதாகவும், மக்கள் ஒழுங்கின்றி வருவதாகவும் கொள்க. சாளரம் தன் நேரத்திற் பாதியளவே வேலை செய்யின், வருபவர் ஒருவருக்குக் காத்திருத்தலும் கவனிப்பும் சேர்ந்து சராசரி இரண்டு நிமிடம் ஆகும். வேலை நூற்றுக்கு 80 ஆயின் ஐந்து நிமிடம். 90 ஆயிற் பத்து நிமிடம். 95 ஆயின் இருபது நிமிடம். சுமை சிறிதளவே கூடத் தாமதமோ இரட்டிக்கின்றது. நேற்றுவரை நன்கு இயங்கிய தளம் இன்று திடீரெனச் செயலிழந்தது என மக்கள் வியப்பதன் காரணம் இதுவே. உண்மையில் அது திடீரென நிகழ்ந்ததன்று. வளைகோடு செங்குத்தாக எழும் இடத்துக்கு அத்தளம் முன்னரே வந்திருந்தது. அளந்து பார்ப்பவர் மட்டும் இலர்.

1961ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையாற் சிறப்புடையது. ஜோன் லிற்றில் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் எளிய தேற்றத்தை அவ்வாண்டு நிறுவினார். ஓர் அமைப்பினுள் சராசரியாக எத்தனை பேர் உளர் என்பது, வருகையின் வேகத்தை ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தாற் பெருக்கி வரும் தொகைக்குச் சமம் என்பதே அத்தேற்றம். விநாடிக்கு 200 பேர் வந்து ஒவ்வொருவரும் மூன்று விநாடி தங்குவராயின் உள்ளிருப்போர் 600 பேர். யாதோ ஒரு காரணத்தால் தங்கும் நேரம் முப்பது விநாடியாயின் உள்ளிருப்போர் 6,000 பேர். கூட்டம் பெருகத் தாமதம் பெருகும். தாமதம் பெருகக் கூட்டம் மேலும் பெருகும். தேற்றம் என்னும் சொல்லுக்குத் தெளிவு என்பது பொருள்; கலங்கிய நீரைத் தெளிவிக்கும் விதையை உடைமையால் தேற்றா மரமும் அவ்வடியாகவே பெயர்பெற்றது; அம்மரத்தாலேயே தேற்றாத்தீவு அப்பெயர் எய்திற்று என்பர். லிற்றிலின் தேற்றமும், கலங்கித் தோன்றும் கூட்டத்தின் இயல்பைத் தெளிவித்தமையால், அச்சொல்லுக்கு முற்றும் உரியதாகின்றது.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்விநிலையத்தில், ஒரே கணினியைப் பலர் ஒரே காலத்திற் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை செய்து காட்டப்பட்டது. அதுவரை வேலைகள் கட்டுக் கட்டாகக் கொடுக்கப்பட்டுப் பின்னர் விடை பெறப்பட்டது. நேரப்பகிர்வு வந்தபின் மனிதன் கணினியின் முன்னமர்ந்து விடைக்காகக் காத்திருப்பவனானான். விடைநேரம் என்னும் அளவும் உடன்பிறந்தது. அலன் ஷெர் என்னும் மாணவர் அம்முறையை ஆராய்ந்து 1965ஆம் ஆண்டு தமது கலாநிதிப் பட்ட ஆய்வை அளித்தார். பயன்படுத்துவோர் ஒரு விடை பெற்றபின் அடுத்த வினாவைத் தட்டுவதற்குச் சராசரி அரைநிமிடத்துக்கு மேலாகச் சிந்திக்கின்றனர் என்பதை அவர் அளந்தறிந்தார். அச்சிந்தனை நேரத்தையும் கணினியின் வேலைநேரத்தையும் கொண்டு அவர் அமைத்த எளிய கணித மாதிரி, உண்மையான அளவுகளுடன் பெரிதும் ஒத்திருந்தது. இன்றைய சோதனைக் கருவிகள் அனைத்தும், பொறியை மட்டுமன்றி அதன் முன்னமர்ந்த மனிதனின் இயல்பையும் அளக்கவேண்டும் என்னும் இக்கொள்கையின் வழிவந்தவையே.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வங்கிகளும் விமானக் கும்பனிகளும் கணினியை நம்பித் தொழில் நடத்தலாயின. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் பொறியே விரைவுமிக்கதென விளம்பரஞ் செய்தனர். அளவுகோல் மட்டும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாயிருந்தது. இக்குழப்பத்துக்கு முடிவுகாணும் நோக்குடன், ஜிம் கிறே என்னும் அறிஞரும் அவர்தம் நண்பர் பலரும் தம் பெயரை வெளியிடாது 1985ஆம் ஆண்டு ஒரு கட்டுரையை எழுதினர். வங்கிக் கணக்கொன்றிற் பணம் இடுதலும் எடுத்தலுமாகிய ஒரு சாதாரணச் செயலை அளவுகோலாகக் கொண்டு, விநாடிக்கு அத்தகைய செயல்கள் எத்தனை நிறைவேறும் என்று கணக்கிடுக என்றனர். அத்துடன் ஒரு நிபந்தனையையும் விதித்தனர்: நூற்றுக்கு 95 செயல்களேனும் ஒரு விநாடிக்குள் நிறைவேற வேண்டும். 1988ஆம் ஆண்டு இத்தகைய அளவைகளை வகுத்தற்கெனப் பல நிறுவனங்கள் கூடி ஒரு மன்றத்தை அமைத்தன.

அந்நிபந்தனை சராசரியை விலக்கி நூற்றுவீதத்தை மேற்கொண்டமை ஒரு பெரும் முன்னேற்றமாகும். சராசரி என்பது பலருடைய நன்மையிற் சிலருடைய இடரை மறைத்துவிடும். ஒன்பது பேர் ஒரு விநாடியில் விடைபெற, பத்தாமவர் 51 விநாடி காத்திருப்பின், சராசரி ஆறு விநாடி என்பர்; ஆறு விநாடி காத்திருந்தவரோ அங்கு எவருமிலர். நூற்றுவீத அளவு இம்மயக்கத்தைப் போக்கிற்று. ஆயினும் 95 என்னும் எல்லை வகுக்கப்பட்டபொழுதே, எஞ்சிய ஐவர் கணக்கின் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பதும் மறக்கற்பாலதன்று.

தொண்ணூறுகளில் இணையம் பொதுமக்களிடம் பரவியபோது சோதனையின் தன்மை மாறிற்று. வங்கியொன்றின் சாளரங்கள் எத்தனை என்பது எண்ணத்தக்கது. இணையத்தின் வாயிலில் எத்தனை பேர் வருவர் என்பது எண்ணத்தக்கதன்று. ஆகவே பொய்ப்பயனர்களைப் படைத்துத் தளத்தின்மீது ஏவும் கருவிகள் தோன்றின. 1998ஆம் ஆண்டு ஸ்ரெபனோ மசோக்கி என்பவர் அப்பாச்சி அமைப்பின் வழங்கிமென்பொருள் ஒன்றைச் சோதிப்பதற்கென எழுதிய ஜேமீற்றர் என்னும் கருவி, யாவரும் கட்டணமின்றிப் பெறத்தக்கதாய் உலகெங்கும் பரவியது. இத்தகைய கருவி, உண்மை மனிதரைப் போலத் தளத்தைத் திறந்து, சற்றே தாமதித்து, படிவத்தை நிரப்பி, விடைநேரத்தைக் குறித்துக்கொள்ளும் ஆயிரக்கணக்கான நிழல் மனிதரை ஒரேவேளையில் இயக்கவல்லது.

இச்சோதனைகளை நால்வகையாகப் பகுத்து நோக்கலாம். எதிர்பார்க்கும் கூட்டத்தை ஏற்றி விடைநேரத்தை அளத்தல் சுமைச் சோதனை. அமைப்பு முறியுமளவும் சுமையைக் கூட்டி அதன் எல்லையையும், அது முறியும் பாங்கையும் அறிதல் அழுத்தச் சோதனை. கூட்டத்தை ஒரேயடியாக ஏற்றி இறக்குதல் திடீரெழுச்சிச் சோதனை. மிதமான சுமையைப் பலமணிநேரம், பலநாள் இடையறாது வைத்திருத்தல் நீடிப்புச் சோதனை. இறுதியிற் கூறியது தேவையற்றதெனச் சிலர் கருதுவர். 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிகழ்ந்தது அக்கருத்தை மறுக்கும். அங்கு நிறுவப்பட்டிருந்த பேற்றியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு ஏறத்தாழ 100 மணிநேரம் இடையறாது இயங்கியிருந்தது. காலத்தைக் கணிக்கும் மென்பொருளிலிருந்த நுண்ணிய பிழை, அத்தனை மணிநேரத்திற் சேர்ந்து, விநாடியின் மூன்றிலொரு பங்களவாக வளர்ந்தது. எதிர்வந்த ஏவுகணை எங்குளது என்பதை அமைப்பு தவறாகக் கணித்தது. 28 படைவீரர் மாண்டனர். சில மணிநேரச் சோதனையில் அப்பிழை வெளிப்பட்டிராது.

கருவிகள் பெருகிய பின்னும் ஒரு நுண்ணிய தவறு நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தது. நிழல் மனிதர் ஒவ்வொருவரும் முன்னைய வினாவுக்கு விடைபெற்ற பின்னரே அடுத்த வினாவை விடுக்குமாறு பல கருவிகள் அமைந்திருந்தன. தளம் தாமதிப்பின் அவர்களும் தாமதிப்பர்; சுமை தானே குறைந்துவிடும். உண்மைக் கூட்டமோ அவ்வாறன்று. குருமண்வெளித் துறையிற் படகு பிந்தியதனால், பின்னே வருவோர் தம் வீடுகளிலே தங்கிவிடுவதில்லை, அவர்கள் வந்துகொண்டேயிருப்பர். இவ்விருவகைச் சுமைகளும் தம்முள் வேறானவை என்பதனையும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிடுதல் பெருந்தவறாகும் என்பதனையும் பியங்கா ஷ்ரோடர், அடம் வியர்மன், மோர் ஹார்ச்சோல்-பால்ரர் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். தேய்ப்பாலத்தின் பாடம் இங்கு மற்றொரு வடிவில் மீள்கின்றது: பணிவான சுமையைக் கொண்டு சோதித்துப் பணியாத சுமைக்கு வாயிலைத் திறத்தல் ஆபத்தாகும்.

அவ்வாபத்து 2013ஆம் ஆண்டு அக்டோபர் முதலாம் நாள் உலகறிய வெளிப்பட்டது. ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதிக்கென அமைத்த ஹெல்த்கெயார் என்னும் தளம் அன்று திறக்கப்பட்டது. ஐம்பது அறுபதாயிரம் பேர் ஒரே வேளையில் வருவர் என எதிர்பார்க்கப்பட்டது; வந்தோர் இரண்டரை இலட்சம் பேர் என அரசாங்கத்தார் பின்னர் கூறினர். விலைகளைப் பார்வையிடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தமக்கெனக் கணக்கொன்றைத் தொடங்கவேண்டும் என விதித்திருந்தமையால், கூட்டம் முழுவதும் ஒரே வாயிலில் நெருங்கிற்று. முதல்நாளிற் பதிவை முடித்தோர் அறுவரேயாவர். அமைப்பு முழுவதையும் ஒருங்கே சோதித்தல் திறப்புநாளுக்கு இரு வாரங்கள் முன்னரே தொடங்கியது என்பதை ஒப்பந்தகாரர் கொங்கிரஸின் முன் அம்மாதம் 24ஆம் நாள் சாட்சியமாகக் கூறினர். கணினித்துறையில் உலகுக்கே முன்னோடியாக விளங்கும் நாட்டில் இது நிகழ்ந்தமையால், குறை அறிவின்மையால் நேர்ந்ததன்று, சோதனைக்குக் காலம் ஒதுக்காமையால் நேர்ந்தது எனல் வேண்டும்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், 18 வயதுக்கு மேற்பட்ட யாவரும் கொரோனாத் தடுப்பூசிக்கு கோவின் தளத்திற் பதிவு செய்யலாம் என அறிவிக்கப்பட்டது. மாலை 4 மணிக்கு வாயில் திறந்த முதற்சில நிமிடங்களிற் பலருக்குத் தளம் திறக்கவில்லை. ஆயினும் அது விரைவில் மீண்டெழுந்து, அன்றைய நாள் முடிவதற்குள் ஒரு கோடியே முப்பது இலட்சம் பேர் அளவிற்குப் பதிந்தது. தளம் முற்றாக முறியாமலிருத்தல் மட்டும் போதாது, தடுமாறிய பின் விரைந்து எழுதலும் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். எனினும், ஒரே மணியடிப்பில் ஒரு துணைக்கண்டத்தையே வாயிலுக்கு அழைத்தல் தவிர்க்கமுடியாததா என்னும் வினாவும் இங்கு எழுகின்றது.

அவ்வினாவுக்கு இலங்கையில் ஒரு விடை கிடைத்தது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தை எய்தியபோது, மக்கள் நாட்கணக்காக எரிபொருள் நிலையங்களின் முன் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூலை மாதம் தேசிய எரிபொருள் அனுமதிச்சீட்டு என்னும் இலத்திரனியல் முறை அறிமுகமாயிற்று. ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரப் பங்கு வகுக்கப்பட்டு, குறியீட்டைச் செல்லிடப்பேசியால் வாசித்த பின்னரே எரிபொருள் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் வாகன இலக்கத்தின் இறுதி எண்ணைக்கொண்டு நாட்களும் பிரிக்கப்பட்டன. 0, 1, 2 என்பவற்றுக்கு வாரத்தில் இரு நாட்கள். 3, 4, 5 என்பவற்றுக்கு இரு நாட்கள். 6 முதல் 9 வரையுள்ள நான்கு எண்களுக்கு மூன்று நாட்கள். கூட்டத்தைத் தாங்குமாறு வாயிலை அகலமாக்குதல் ஒரு வழி. வாயிலின் அளவுக்கேற்பக் கூட்டத்தைக் காலத்திற் பரப்புதல் மற்றொரு வழி. ஏர்லாங்கின் கணிதம் அறியாதாரும் இரண்டாம் வழியின் பயனைத் தெருவிலே கண்டனர், வரிசைகள் குறுகின. 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாம் நாளுடன் அப்பங்கீட்டு முறை நீக்கப்பட்டது.

இலங்கையர் இத்துறைக்குப் புதியவரல்லர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரை உட்பட நாட்டின் பெரும்பகுதியைத் தாக்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருட்களையும் பதிவதற்கென இலங்கைக் கணினியாளர் தொண்டர்களாய்க் கூடிச் சகானா என்னும் மென்பொருளைச் சில நாட்களில் உருவாக்கினர். அது பின்னர் 2005ஆம் ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமுதாய நலனுக்கென வழங்கும் விருதை 2006ஆம் ஆண்டுக்குப் பெற்றது. பேரிடர் சோதனைக்குக் காலந்தருவதில்லை. ஆகவே அத்தகைய அமைப்புகள் அமைதிக் காலத்திலேயே சுமையேற்றிப் பார்க்கப்படவேண்டும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் படிப்பினையாகும்.

இனி, முன்னர் கணக்கின் புறத்தே நிறுத்தப்பட்ட ஐவரை நோக்குதல் வேண்டும். 2013ஆம் ஆண்டு ஜெவ்ரி டீன், லூயிஸ் பரோசோ என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்கியது. ஒரு வழங்கி நூற்றில் ஒரு முறை மட்டுமே ஒரு விநாடிக்கு மேல் தாமதிப்பதாகக் கொள்க. அது மிகச் சிறந்த வழங்கி எனப்படும். ஆனால் ஒரு வினாவுக்கு விடைதர அத்தகைய நூறு வழங்கிகள் ஒருங்கே உழைக்கவேண்டுமாயின், நூறு வினாக்களுள் 63 ஒரு விநாடிக்கு மேல் தாமதிக்கும். அரிதென்று ஒதுக்கப்பட்ட தாமதம் பெரிய அமைப்பிற் பொதுவிதியாகிவிடுகின்றது. ஐவரைப் புறக்கணித்தல் அறத்தின்பாற்பட்ட குறை மட்டுமன்று, கணக்கின்பாற்பட்ட குறையுமாம்.

அவ்வைவர் யாவர்? தாமதம் மக்களிடையே சீட்டுக்குலுக்கி வழங்கப்படுவதன்று. கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வெளியாகும் நாளை எடுத்துக்கொள்க. அண்மைய ஆண்டுகளில் அப்பரீட்சைக்கு விண்ணப்பிப்போர் மூன்று இலட்சம் அளவினர். அவர்தம் பெற்றோரும் ஆசிரியரும் உறவினரும் ஒரே மணிநேரத்தில் தளத்தை நாடுவர். தலைநகரில் வேகமிக்க இணைப்புடையவனும், தேற்றாத்தீவில் பலர் பகிரும் ஒரே கோபுரத்தின் அலையை நம்பிப் பழைய செல்லிடப்பேசியுடன் இருப்பவனும் ஒரே வினாவையே விடுக்கின்றனர். முன்னவனுடைய வினா சென்று திரும்பிவிடும். பின்னவனுடைய வினா நெடும்பாதை கடந்து சேரும்பொழுது, அமைப்பு தனக்கு வகுத்த காலவெல்லை கடந்திருக்கும். அவன் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவான். அம்மறுமுயற்சியும் புதிய சுமையாகச் சேரும். சிறிய இணைப்பகமே பெரிதும் இடர்ப்படும் என ஏர்லாங்கின் சூத்திரம் நூறாண்டுகளுக்கு முன்னர் காட்டியது இங்கு மெய்யாகின்றது. நூற்றுக்கு 95 பேருக்கு விரைவான விடை என்னும் அறிக்கை உண்மையாகவே இருக்கலாம். எஞ்சிய ஐவர் நாடெங்கும் பரந்திராது, சில ஊர்களிலே குவிந்திருப்பின், அவ்வறிக்கை அவ்வூர்களைப் பொறுத்தவரை பொய்யாகிவிடும்.

ஆதலின் இக்காலச் சோதனையாளர் செய்யத்தக்கது யாதெனின், வழங்கிக்கு அருகிலிருந்து மட்டும் அளவாது, வலையமைப்பின் கடைக்கோடியிலிருந்தும் அளத்தலாம். மெதுவான இணைப்பையும், இடையிலே அறுபடும் அலையையும், விலைகுறைந்த கருவியையும் நிழல் மனிதருக்கு அளித்துச் சோதித்தல் இன்றைய கருவிகளாற் கூடும். விடைநேரத்தை நாடு முழுவதற்கும் ஒரே எண்ணாகத் தராது, மாவட்டந்தோறும் வேறாகக் காட்டுதலும் கூடும். இவை பெருஞ்செலவுக்குரியனவல்ல; யாரை எண்ணுவது என்னும் தீர்மானத்துக்கே உரியன.

பாலத்தின்மீது எஞ்சின்களை ஓட்டிய நாள்முதல் நிழல் மனிதரைத் தளத்தின்மீது ஏவும் இந்நாள்வரை, அளக்கும் திறமை இடையறாது வளர்ந்தே வந்துளது. தோல்விகள் நேர்ந்த இடங்களிலெல்லாம் பெரும்பாலும் குறைந்திருந்தது அளவையன்று. வரவிருப்பவர் யாவர், எவ்வாறு வருவர் என்னும் கருதலே. காற்றைக் கருதாமையால் தேய்ப்பாலம் வீழ்ந்தது; கூட்டத்தைக் கருதாமையால் அமெரிக்கத் தளம் நின்றது. கடைசியிற் படகேறக் காத்திருப்பவரைக் கருதாது வகுக்கப்படும் அமைப்பு, அளவையில் தேறினும், மக்கள் முன் தேறாது.